மகள் ‘ஷை’யா, ‘ரிசர்வ்டா’?

மகளின் பள்ளி விண்ணப்பத்தில் அவளை ‘ஷை’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறாள், தானாகப் போய்ப் பேசுவதில்லை என்கிறீர்கள். அது கூச்சம் இல்லையே. பேச ஆசை இருந்தும் தயக்கம் தடுத்தால்தான் ‘ஷை’. ‘ரிசர்வ்டு’ என்பது மனதில் உள்ளதைச் சட்டென்று வெளிக்காட்டாதவர்களுக்கு. சிலர் காதில் ‘யாரோடும் ஒட்டாத ஆள்’ என்றும் விழும், சின்னப் பிள்ளைக்கு அது எதற்கு? அதிகம் பேசாதவர்களைச் சொல்லும் ‘டாசிட்டர்ன்’ பக்கமே போகாதீர்கள், சிடுமூஞ்சி வாடை அடிக்கும்.

‘குவைட்’ போதும். அப்புறம், எதையும் கூர்ந்து கவனிப்பாள் என்றீர்களே, அதையும் சேர்த்து ‘குவைட் அண்ட் அப்சர்வன்ட்’ என்று எழுதுங்கள். நடுவில் ‘பட்’ மட்டும் வேண்டாம். போட்டால் அமைதியாக இருப்பதே ஒரு குறை மாதிரி ஆகிவிடும்.