வக்கீல் ஆச்சி பதில்கள்: கடல் கடந்து பிறக்கும் பேரப்பிள்ளை

முதலில் சின்னக் கேள்வி.

பள்ளத்தூர் வாசகி: தங்கை மகளுக்காகக் குழந்தை சுமந்து தர, எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் பெண் சம்மதிக்கிறாள். வயது 28, கல்யாணமாகவில்லை. மாதச் சம்பளம் மாதிரிக் கொடுத்துவிடலாமா?

முடியாது ஆச்சி. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைத்தாய் சட்டப்படி, சுமப்பவள் கல்யாணமாகி, சொந்தப் பிள்ளை பெற்றவளாக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரே முறைதான். மருத்துவச் செலவும் 36 மாத இன்சூரன்ஸும் தரலாம்; சம்பளம் கூடாது. மீறினால் 10 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். சொந்தக்காரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 'விருப்பமுள்ள பெண்' போதும். ஆனால் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவள் 'சரி' என்பதை விருப்பம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தேவகோட்டை வாசகி: மகளுக்கு 38 வயது. கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. சென்னை ஏஜென்ட் ஒருவர், ஜார்ஜியா நாட்டில் ஏற்பாடு செய்கிறோம், குழந்தையை வாங்கிவர மட்டும் வந்தால் போதும் என்கிறார். என் வைரத்தோட்டை விற்றாவது முன்பணம் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். நடுவில் சண்டை, கொரோனா என்று ஏதாவது வந்தால் என்ன ஆகும்? அதையெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்கிறார் மாப்பிள்ளை.

தோடு பெட்டியிலேயே இருக்கட்டும், ஆச்சி. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வாடகைத்தாய் முறைக்கு இங்கே விளம்பரம் செய்வதே குற்றம். சென்னையில் உட்கார்ந்து முன்பணம் கேட்கிறவரிடம் மாப்பிள்ளை முதலில் இதைக் கேட்கட்டும்.

2020ல் என்னிடம் வந்த நம் பக்கத்துத் தம்பதியின் கதையைச் சொல்கிறேன். குழந்தை மே மாதம் உக்ரைனில் பிறந்தது. அந்த நாடு வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியிருந்தது, இங்கே விமானமே கிடையாது. அப்போது கீவ் நகரத்து ஓட்டல் ஒன்றில் 40க்கும் மேற்பட்ட குழந்தைகள் வரிசையாகத் தொட்டிலில் கிடந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் குழந்தை இருந்தது வேறொரு இடத்தில். தாதி தினமும் போனில் முகத்தைக் காட்டுவாள். நாள் கணக்கில் பில் வரும். ஏஜென்ட்டின் போன் சுவிட்ச் ஆஃப்.

என் வீட்டு வளவில் ஆறடி தள்ளி நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு அவர்களுக்கு அஃபிடவிட் எழுதினேன். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? பெயரில்! நம் வீட்டு ஆண்களுக்குத்தான் விலாச எழுத்து (இனிஷியல்) மூன்று நான்கு முன்னால் நிற்குமே. ஒப்பந்தத்தில் அது அப்படியே ஏறியிருந்தது. பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பச்சி (அப்பா) பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி. உக்ரைன் மொழிபெயர்ப்பாளர், பாவம், முகவரியிலிருந்த ஊர்ப் பெயரை எடுத்துக் குடும்பப் பெயராக்கிவிட்டார். கடைசியில், பிறப்புச் சான்றில் இருக்கும் அப்பா ஒருவர், பாஸ்போர்ட்டில் இருப்பவர் வேறொருவர் என்று ஆனது. பெற்றோர் வெளிநாட்டவர் என்பதால் குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. நம் பாஸ்போர்ட் வாங்கப் பெயர் பொருந்த வேண்டும். சாதாரண நாளில் ஒரு வாரத்தில் திருத்தக்கூடிய பிழை. கூரியர் ஓடாத நாளில் மூன்று அஃபிடவிட் எழுதியும் இழுத்தது. நூறு நாளுக்கு மேல் ஆனது கைக்கு வர. குழந்தை குப்புற விழுந்ததைத் தாய் போனில்தான் பார்த்தாள்.

அது நோய்க் காலம். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் அதே கீவில் பச்சைக் குழந்தைகளை நிலவறைக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பிணியைப் பக்கத்துப் போலந்துக்கு அனுப்பினால் போயிற்று என்று தோன்றும். உக்ரைன் சட்டத்தில் ஏற்பாடு செய்த தம்பதிதான் பெற்றோர். போலந்துச் சட்டத்தில் பெற்றவள்தான் தாய். எல்லை தாண்டிப் பிரசவமானால் காகிதமே தலைகீழ். தவிர, அவளுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. 18 முதல் 60 வயது ஆண்கள் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று தடை இருந்ததால் புருஷனை விட்டுத்தான் கிளம்ப வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை ஆச்சி. கோபப்படாதீர்கள், சொல்லத்தான் வேண்டும். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது இஸ்ரேல் விமானம் அனுப்பித் தன் நாட்டவரின் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனது. அவர்களைச் சுமந்து பெற்றவர்களில் நம் நாட்டிலிருந்து போன பெண்களும் உண்டு. அவர்களுக்கு அந்த விமானத்தில் இடமில்லை.

ஜார்ஜியாவில் 1997லிருந்து இது சட்டப்படி நடக்கிறது, உண்மைதான். அங்கேயும் 2008 ஆகஸ்டில் ரஷ்யாவோடு ஐந்து நாள் சண்டை நடந்தது. 2023ல் அந்நாட்டுப் பிரதமரே, வெளிநாட்டவருக்கு இதைத் தடை செய்யப்போகிறோம் என்று அறிவித்தார். கர்ப்பம் பத்து மாதம், சட்டம் மாற ஒரு நாள்.

ஆகவே ஏஜென்ட் தரும் ஒப்பந்தப் பத்திரத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். விமானம் நின்றால் குழந்தை யார் பொறுப்பில், தினசரிச் செலவு யாருடையது, சுமக்கும் பெண்ணை எந்த ஊருக்கு மாற்றலாம், அவள் மாட்டேன் என்றால் என்ன, தம்பதிக்கே ஏதாவது ஆனால் குழந்தையை யார் வாங்குவது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள். நான் பார்த்த பத்திரத்தில் இருபது பக்கம் பணம் கட்டும் தேதிகள். இதற்கெல்லாம் 'எதிர்பாராத சூழ்நிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ஒரே வரி. உங்களுடையதும் அப்படியே என்றால் கையெழுத்து வேண்டாம். மகள் இங்கேயே மாவட்ட மருத்துவ வாரியத்தில் விண்ணப்பிக்கட்டும். இவர்கள்தான் பெற்றோர் என்ற மாஜிஸ்திரேட் உத்தரவு முன்னாடியே கையில் இருக்கும். ஆள் கிடைப்பது கஷ்டம், தெரியும். ஆனாலும் காரில் போய்க் குழந்தையைத் தூக்கி வரலாம்.

போகத்தான் போகிறோம் என்றால் ஒரு வேலை உங்களுக்கு. 2008ல் குஜராத் ஆனந்த் நகரில் ஜப்பான் தம்பதிக்காக மாஞ்சி என்ற குழந்தை பிறப்பதற்குள் அவர்கள் விவாகரத்து ஆகிவிட்டார்கள். ஜப்பான் பாஸ்போர்ட் தரவில்லை. அப்பாவின் விசா முடிந்து அவர் கிளம்ப, இங்கே தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அப்பத்தாதான். சுப்ரீம் கோர்ட் வரை போனதும் அவர்தான். உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா ஆச்சி? இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். அப்பா பெயர், புருஷன் பெயர் எதையும் சுருக்காமல், ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள்.