முதல் டிஜே கன்ட்ரோலர்: நாலு சேனல் வேண்டாம், பில் வேண்டும்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவின் சவுண்ட் சர்வீஸில் கூடமாட வேலை செய்கிறாராம். ரிசப்ஷன், காதுகுத்து, கெங்கையம்மன் திருவிழா என்று போகும் இடமெல்லாம் லேப்டாப்பில் பாட்டை மாற்றி மாற்றிப் போடுகிறவர், இனி ஒழுங்காக டிஜே கற்றுக்கொள்ள, லேப்டாப்பில் இருக்கும் பாட்டைக் கையால் கலக்க உதவும் கன்ட்ரோலர் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். ஆற்காட்டில் ஒருவர், "ரெண்டு சேனல் எல்லாம் விளையாட்டுச் சாமான், மண்டபத்துல மானம் போயிடும். எங்கிட்ட பழைய நாலு சேனல் ஒண்ணு இருக்கு, 55,000 கொடு, சாஃப்ட்வேர், பத்தாயிரம் பாட்டு எல்லாம் ஏத்தித் தர்றேன், பில் மட்டும் கேக்காதே" என்கிறாராம். கடன் வாங்கி அதை எடுக்கலாமா, இல்லை ரெண்டு சேனலே போதுமா என்பதுதான் கேள்வி.

போதும் தம்பி. தாராளமாகப் போதும்.

சேனல் என்பது ஒரே நேரத்தில் எத்தனை பாட்டைக் கலக்கலாம் என்ற கணக்கு, அவ்வளவுதான். ஒரு பாட்டு வெளியே ஓடுகிறது, அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டுத் தயார் செய்கிறீர்கள், தாளம் சேர்ந்ததும் உள்ளே விடுகிறீர்கள். இதற்கு ரெண்டு சேனல். நம்ம ஊர் ரிசப்ஷனில் மூன்று பாட்டை ஒன்றாக ஓடவிட்டால் பெண் வீட்டுக்காரரே வந்து நிறுத்தச் சொல்வார். மண்டபம் அதிர்வது ஆம்ப்ளிஃபையராலும் பாக்ஸாலும்தான், சேனல் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதெல்லாம் உங்கள் மாமாவிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஒன்று: கன்ட்ரோலருக்குள்ளேயே சவுண்ட் கார்டு, அதாவது ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனியாக ஒலியை அனுப்பும் பகுதி, இருக்கிறதா என்பது. கடையில் இப்படிச் சோதியுங்கள். ஒரு பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அடுத்த சேனலில் வேறு பாட்டை ஓடவிட்டு அதன் ஒலி அளவை அடியோடு இறக்கி, அந்தச் சேனலில் ஹெட்ஃபோன் படம் போட்ட பட்டனை அழுத்துங்கள். இறக்கி வைத்த பாட்டு உங்கள் காதில் மட்டும் கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் துளிகூட வரக்கூடாது. அப்படிக் கேட்டால்தான் அது கன்ட்ரோலர். விலை குறைவு என்று வாங்கப்படும் சில சின்ன மாடல்களில் இந்த வசதி உள்ளே இருக்காது. பயனியரின் டிடிஜே-200 அப்படித்தான், ஒரு பிரிப்பு ஒயர் மாட்டிச் சமாளிக்க வேண்டும், அப்போது வெளியே போகும் சத்தம் ஸ்டீரியோவாக இருக்காது. வீட்டில் பழக அது பரவாயில்லை, மண்டபத்துக்கு ஆகாது.

உங்கள் பட்ஜெட்டில் பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். அதைச் செருகினாலே ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேரின் மிக்ஸிங் பகுதி தனிப் பணம் இல்லாமல் திறந்துவிடும், செராட்டோ லைட் என்ற இன்னொரு சாஃப்ட்வேரிலும் ஓடும், லேப்டாப்பின் யுஎஸ்பி மின்சாரமே போதும் என்பதால் தனி அடாப்டர் தேட வேண்டாம். பணம் பற்றவில்லை என்றால் ஹெர்குலீஸ் இன்பல்ஸ் 300 வரிசை, கையால் சுற்றும் தட்டு கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் நியூமார்க் மிக்ஸ்ட்ராக் பிளாட்டினம் எஃப்எக்ஸ். அதில் ரெண்டு சேனலிலேயே நாலு டெக்கை, அதாவது சாஃப்ட்வேரில் பாட்டு ஏற்றும் நாலு இடங்களை, மாற்றிக்கொள்ளும் பட்டனும் இருக்கிறது, ஆற்காட்டுக்காரரிடம் வேண்டுமானால் சொல்லுங்கள். ஐபேட், ஃபோன் வைத்து வாசிப்பதெல்லாம் வேறு கதை, இப்போது அதற்குள் போக வேண்டாம்.

சரி, அந்த ஆற்காட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். இந்த "எல்லாம் சேர்த்துத் தர்றேன்" வியாபாரம் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமெல்லாம் நடக்கிறது, மாட்டுவது எப்போதும் முதன்முதலாக வாங்குகிற பையன்கள்தான். அவர் ஏற்றித் தரும் சாஃப்ட்வேர், லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு நகல். அதை ஏற்றுவதற்கே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், அந்த லேப்டாப்பில்தான் நீங்கள் பேங்க் கணக்கும் பார்ப்பீர்கள். ஒருமுறை அப்டேட் ஆகிவிட்டால் கன்ட்ரோலரையே அது அடையாளம் காணாமல் போகலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறுகிற நேரத்தில் திரை உறைந்து நின்றால் அங்கே பதில் சொல்ல வேண்டியது நீங்கள், ஆற்காட்டுக்காரர் ஃபோனை எடுக்க மாட்டார்.

அந்தப் பத்தாயிரம் பாட்டும் அப்படித்தான். இப்படிக் கைமாறி வரும் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் பாட்டுகள் (இந்த எண் குறைந்தால் ஒலித் தரமும் குறைவு), அதையே 320 என்று மாற்றிப் பெயர் ஒட்டியிருப்பார்கள். ஒருமுறை போன தரம் மாற்றினால் திரும்பி வராது. மொபைலில் கேட்டால் வித்தியாசம் தெரியாது. ஆனால் மாமாவின் பெரிய பாக்ஸில் போட்டு ஜால்ரா சத்தத்தை மட்டும் கவனியுங்கள், கணீரென்று வராமல் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி கொழகொழவென்று கேட்கும். 200 பாட்டை நல்ல தரத்தில் நீங்களே காசு கொடுத்துச் சேர்த்து, ஒவ்வொன்றும் எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று தெரிந்து வைத்திருப்பது அந்தப் பத்தாயிரத்தைவிட மேல்.

பில் இல்லாமல் வாங்கவே கூடாது. பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை, அதுமட்டுமல்ல, அந்தச் சாமான் யாருடையது என்றும் தெரியாது. ஆன்லைனில் வாங்கினாலும், விற்பவர் அந்தக் கம்பெனியின் இந்திய டீலர்தானா என்று கேளுங்கள். "இன்டர்நேஷனல் வாரண்டி" என்று எழுதியிருப்பார்கள், பழுதானால் ஏற்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். முறையாக வாங்கினாலும் சுகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்க இருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் ரயில் ஏறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், ஆனால் இங்கே ஒலியை ஏற்றி இறக்கத் தள்ளும் ஃபேடர் ஒன்றை மாற்ற, பெட்டியைக் கட்டிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பு என்கிறார்கள், வாரக்கணக்கில் பதில் வராது. 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் ஊர் பார்க்காமல் எல்லோரிடமும் வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் அந்த "வட்டி இல்லாத தவணை". கிரெடிட் கார்டில் போட்டால் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் புராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில் வைப்பார்கள். கையில் 40,000 இருக்கும்போது கடனே வேண்டாம்.

பழையது வாங்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு வழியில் வாங்கலாம். முதலில் வாங்கியவரே நேரில் விற்க வேண்டும், அவர் பெயரில் பில் இருக்க வேண்டும், புரோக்கர் நடுவில் இருக்கக்கூடாது. உங்கள் லேப்டாப்பை எடுத்துப் போங்கள், அவருடையதில் ஓட்டிக் காட்டினால் கணக்கில்லை. பாட்டு ஓடும்போது ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக, மிக மெதுவாக மேலே ஏற்றி இறக்குங்கள், கரகரவென்றால் தேய்ந்துவிட்டது. குமிழ்களைத் திருகும்போதும் அதே சோதனை. தட்டின் மேல்பரப்பை விரல் நுனியால் தொட்டால் பாட்டு நிற்க வேண்டும், விட்டால் உடனே ஓட வேண்டும், ரெண்டு தட்டிலும் பல இடத்தில் தொட்டுப் பாருங்கள். யுஎஸ்பி ஒயரை லேசாக ஆட்டுங்கள், இணைப்பு விட்டுப்போனால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெட்ஃபோன் பின்னையும் சுற்றிப் பாருங்கள், ஒரு காது போய்ப் போய் வரும் சாமான் நிறைய. கடைசியாக, "சாஃப்ட்வேர் லைசென்ஸும் இதோட வரும்" என்று சொன்னால் அதற்கு விலை கொடுக்காதீர்கள், பணம் கட்டி வாங்கிய லைசென்ஸ் அவருடைய கணக்கில் இருக்கும், பெட்டியோடு வராது. பெட்டியைச் செருகினால் தானே திறக்கும் வகை மட்டும்தான் கைமாறினாலும் வேலை செய்யும். இதெல்லாம் சரியாக இருந்தால், பயனியரின் பழைய டிடிஜே-400 ஒன்றை நியாயமான விலைக்கு எடுப்பதில் தப்பே இல்லை.

மீதிப் பணத்தில் காதை நன்றாக மூடும் ஒரு ஹெட்ஃபோன் வாங்குங்கள். கன்ட்ரோலரின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் ஆர்சிஏ அவுட்டிலிருந்து மாமாவின் மிக்ஸருக்குப் போக, ரெண்டு ஆர்சிஏவும் ரெண்டு பெரிய மோனோ பின்னும் உள்ள ஒயர் ஒன்று, நீளம் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம், நீண்டால் இரைச்சலை இழுக்கும். ஜெனரேட்டரில் ஓடும்போது ஊம் என்று சத்தம் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அதோடு நின்றுவிடும்.