மகள் இருக்கிறாள் என்பதால் தம்பி பாதுகாப்பாக இருக்கிறானா?

கடன் நெருக்கடியில் தம்பி "வாழவே பிடிக்கவில்லை" என்கிறான், ஆனால் மகள் மீது உயிராக இருப்பதால் பயமில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. அந்தப் பாசம் பெரிய பிடிப்புதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட, வாழ்வதற்கான காரணங்களை அளக்கும் வினாப்பட்டியலில் குழந்தைகள் மீதான அக்கறை தனிப் பிரிவாகவே உண்டு. ஆனால் அதைக் காட்டி ஆபத்தைக் கழித்துவிடாதீர்கள். மனச்சோர்வு முற்றினால், "நான் இல்லாவிட்டால்தான் அவளுக்கு நல்லது" என்று அதே பாசம் தலைகீழாகப் பேசும்.

இன்றே அவனிடம் நேரடியாகக் கேளுங்கள்: "தற்கொலை எண்ணம் வருகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும்கூட.