வீட்டில் வைத்துப் பார்க்கும் கடைசிக்கட்ட நோயாளிக்கு ‘கேஸ் மேனேஜர்’ எதற்கு? குடும்பம் போதாதா?

நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், அம்மாவோ அப்பாவோ ஊரில் படுக்கையில். மருந்து, டாக்டர்கள், குடும்பம் எல்லாவற்றையும் ஒருவரே ஒருங்கிணைத்துப் பார்க்கும் இந்த ஏற்பாட்டை யாரோ சொல்லியிருக்கிறார்கள், ‘நாமே பார்த்துக்கலாமே’ என்று தோன்றுகிறது. கேள்வியைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. என் பதில்: போதாது. ஆள் கூடக்கூட இன்னும் போதாது.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கோயம்புத்தூரில் எல்லாம் பார்த்துவிட்டு, இனி வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் சீட்டு மட்டும் குவிந்தது: புற்றுநோய் டாக்டர் எழுதியது, சர்க்கரை டாக்டர் எழுதியது, அவசரத்துக்குப் போன கிளினிக்கில் எழுதியது. திருப்பூர் அண்ணன் போனில், திரும்பக் கீமோ கொடுக்கலாமே என்பான். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பினைக் கொடுத்தால் பழக்கமாகிவிடும், ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்பார் அத்தை. நடுவில் நான்.

அப்போதுதான் ஒரு அறக்கட்டளையின் நோய்த்தணிப்புக் குழுவிலிருந்து, அதாவது நோயைக் குணமாக்க அல்ல, அவதியைக் குறைக்க வருபவர்களிலிருந்து, ஒரு சிஸ்டர் கேஸ் மேனேஜராகப் பொறுப்பெடுத்தார். அப்பாவைப் பார்த்த கையோடு எல்லாச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கட்டிலில் பரப்பினார். ஒரே வலி மாத்திரை இரண்டு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாடு பாதியாகிவிட்ட மனிதருக்குச் சர்க்கரை மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே. அவராக எதையும் நிறுத்தவில்லை. டாக்டர்களுக்குப் போன் போட்டு மாற்றி எழுதி வாங்கி, ஒரே தாளாக்கி பீரோ கதவில் ஒட்டினார். மார்பின் மாத்திரை, வலி வந்த பிறகு அல்ல, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. மூச்சுத்திணறலுக்கும் அந்த மார்பின்தான் உதவியது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கியும் அது எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. தீருவதற்கு முன்பே அடுத்த அட்டைக்கு ஏற்பாடு செய்வதும் அவர் வேலையாக இருந்தது.

இதைவிடப் பெரிய உதவி வேறு. என்ன வேண்டும் என்று அப்பாவிடமே கேட்டார். ‘ஆஸ்பத்திரி வேண்டாம், இங்கேயே’ என்றார் அப்பா. அண்ணனை ஸ்பீக்கரில் போட்டு அதைக் கேட்க வைத்தார். நான் சொல்லியிருந்தால் சொத்துக்காகச் சொல்கிறாள் என்று ஆகியிருக்கும்.



பெற்ற அப்பனைப் பார்க்க ஆள் வைத்தாயா என்று கீழே கமெண்டில் யாராவது வருவீர்கள். குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் துணி மாற்றியதும் நானும் என் வீட்டுக்காரரும்தான். நான் டாக்டரும் இல்லை. மேலே சொன்ன மருந்து எங்கள் அப்பாவுக்கு எழுதியது.

பணம் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்லமாட்டேன். யார் வந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்கு அடிப்பது, வீட்டில் இறந்தால் சான்று எழுதித் தரும் டாக்டர் யார் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அந்த நேரத்தில் அலைய முடியாது. உங்கள் அண்ணன் தம்பிகளுக்கும் அந்த எண்ணையே கொடுத்துவிடுங்கள், உங்கள் போன் கொஞ்சம் ஓயும்.