பேட்டிங் சுமாரான கெவின் கியர்மயரை பேஸ்பால் அணிகள் ஏன் விடாமல் வைத்திருந்தன?

அவர் சென்டர் ஃபீல்டர், அதாவது மைதானத்தின் பின்பகுதியில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டிய ஆள். அங்கே ஒரு பந்து கைக்குச் சிக்காமல் வேலி வரை உருண்டால் எதிரணி இரண்டு, மூன்று பேஸ் (ஒரு ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு முனைகள்) ஓடிவிடும். பிடித்துவிட்டால் அவுட், ஆக அவர் தடுக்கிற ரன்னும் இன்னொருவர் அடிக்கிற ரன்னும் கணக்கில் ஒன்றுதான். கிரிக்கெட்டில் ஜான்டி ரோட்ஸ் பாயிண்டில் நின்றால் ஒரு ரன் ஓடவே யோசிப்பார்களே, அந்த மாதிரி.

2010 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், 31-வது சுற்றில் (யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இடம்) எடுக்கப்பட்டவர், சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருதை நான்கு தடவை வாங்கினார். அவருடைய அணியான டாம்பா பே ரேஸ் 2017-ல் 6 வருஷத்துக்கு 5.35 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2024-ல் ஓய்வு.

அப்புறம், பாய்ந்து விழுந்து பிடிப்பவர்தான் சிறந்த ஃபீல்டர் என்று நினைக்காதீர்கள். மட்டையில் பட்ட நொடியே சரியான திசையில் ஓடுபவருக்குப் பல நேரம் பாயவே தேவை இருக்காது.