பிக்கப்புக்கு நாமே கேரியர் அடிப்பது: கேள்வி பதில்

பிக்கப் வண்டிக்குக் கடையில் வாங்காமல் சொந்தமாக ரூஃப் கேரியர் செய்து மாட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். இதுவரை ஐந்து கேரியர் என் கையால் வெல்டிங் வைத்து மாட்டியிருக்கிறேன். முதலாவது உடைந்தது. அது உடைந்த காரணத்தை முதல் கேள்வியிலேயே சொல்ல வாய்ப்பு வந்துவிட்டது. ஆள் உட்காரும் பகுதியைக் கேபின் என்றும், பின்னால் சரக்கு ஏற்றும் பகுதியைத் தொட்டி என்றும் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கேபின் கூரையில் நான்கு கால், தொட்டியில் நான்கு கால் வைத்து, முன்னிருந்து பின் வரை ஒரே நீளச் சட்டமாக அடிக்கலாமா? ஏணி, பைப் எல்லாம் வைக்க வசதியாக இருக்குமே.

வேண்டாம் தம்பி. என் முதல் கேரியர் அப்படித்தான் இருந்தது. பார்க்க அவ்வளவு உறுதி. இரண்டே மாதத்தில் தொட்டிப் பக்கக் கால்களில் வெல்டிங் ஓரமாகவே விரிசல் விட்டது. கேபின் கூரையில் கால் நின்ற இடம் உள்ளே குழிந்திருந்தது.

பெரும்பாலான பிக்கப்களில் கேபினும் தொட்டியும் தனித்தனி. இரண்டும் கீழே இருக்கும் சேஸ் என்ற அடிச்சட்டத்தின் மீது உட்கார்ந்திருக்கின்றன. கேபின் ரப்பர் மவுண்ட் மேல் நிற்கிறது, தொட்டி சேஸோடு நேராக முறுக்கப்பட்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் சேஸ் முறுகும்போது கேபின் ஒரு பக்கம் சாயும், தொட்டி மறுபக்கம் சாயும். நம்பிக்கை இல்லையென்றால் முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஒரு கட்டை மேல் ஏற்றி நிறுத்துங்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோட்டில் இருக்காது. அந்த அசைவைத் தடுக்க ஒரு கேரியரால் முடியாது. தடுக்கப் பார்த்தால் கேரியர் உடையும், அல்லது கூரைத் தகடு நசுங்கும்.

ஆகவே ஒன்று, கேபினுக்குத் தனிக் கேரியர், தொட்டிக்குத் தனிக் கேரியர். அல்லது எல்லாக் கால்களும் தொட்டியிலேயே நிற்க, மேல்சட்டம் மட்டும் கேபினுக்கு மேலே தொடாமல் நீண்டிருக்க வேண்டும். கூரைக்கும் சட்டத்துக்கும் நான் 60 மி.மீ. இடைவெளி விடுவேன். ஹோண்டா ரிட்ஜ்லைன் போலக் கேபினும் தொட்டியும் ஒரே உடலாகக் கட்டிய சில வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: கூரை மேல் நான் ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் 150 கிலோ ஏற்றலாம்தானே?

நிற்கும் வண்டியின் கணக்கு வேறு, ஓடும் வண்டியின் கணக்கு வேறு. உங்கள் வண்டியின் கையேட்டில் கூரைச் சுமை என்று ஓர் எண் இருக்கும். அது வண்டி ஓடும்போது ஏற்றக்கூடிய எடை. 50 முதல் 75 கிலோ வரை என்று பல வண்டிகளுக்குப் போட்டிருப்பார்கள். அதில் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் சட்டம், நான்கு குறுக்குச் சட்டம் என்று 25×25×2 மி.மீ. இரும்புப் பைப்பில் அடித்தால் பைப் மட்டுமே ஏறக்குறைய 15 கிலோ வரும். கால், கிளாம்ப், போல்ட் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோ. 75 கிலோ தாங்கும் கூரையில் உங்கள் சாமானுக்கு மிஞ்சுவது 55 கிலோ.

இதனால்தான் யார் கேட்டாலும் கனமான சாமானைத் தொட்டிக் கேரியரில் ஏற்றுங்கள் என்கிறேன். தொட்டி சுமைக்காகவே செய்யப்பட்டது. கூரை அப்படியல்ல. எடை உயரே போகப் போகத் திருப்பத்தில் வண்டி சாய்வதும் கூடும்.

கேள்வி: எந்த பைப் வாங்குவது? கடையில் 25×25 சதுர பைப்பும் 50×25 செவ்வக பைப்பும் காட்டுகிறார்கள்.

சுற்றுச் சட்டத்துக்கு 25×25 போதும். சுமை நேராக உட்காரும் குறுக்குச் சட்டங்களுக்கு 50×25 எடுங்கள், ஆனால் 50 மி.மீ. பக்கம் நின்றவாக்கில் இருக்க வேண்டும். ஒரே 2 மி.மீ. கனத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25×25-ஐ விட அதன் எடை ஒன்றரை மடங்குதான், வளையாமல் நிற்கும் திறனோ ஐந்தரை மடங்கு. அதே பைப்பைப் படுக்கவைத்தால் அந்தத் திறன் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நிற்கவைத்தால் உயரம் ஓர் அங்குலம் கூடுகிறதே என்று படுக்கவைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓர் அங்குலத்துக்காக இவ்வளவு பலத்தை விடாதீர்கள்.

கேள்வி: அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே?

குறையும், அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதே அளவு பைப் இரும்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். ஆகவே பெரிய அளவு பைப் போட வேண்டிவரும். அது மட்டுமல்ல, 6061-டி6 போன்ற பதப்படுத்திய அலுமினியத்தை வெல்டிங் வைத்தால் சூடுபட்ட இடம் பதம் இழந்து பலவீனமாகும். வீட்டில் செய்பவருக்கு என் யோசனை, வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்டு இணைக்கும் வரிப்பள்ளம் கொண்ட அலுமினியச் சட்டங்கள். எவர்சில்வர் போல்ட் போட்டால் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்.

கேள்வி: வீட்டில் பழைய ஜி.ஐ. பைப் நிறைய கிடக்கிறது. அதையே வெல்டிங் வைக்கலாமா?

துத்தநாகப் பூச்சைக் கிரைண்டர் வைத்து, பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் வரை எடுத்துவிட்டு வையுங்கள், அதுவும் திறந்த வெளியில், அதற்குரிய முகமூடி போட்டு. பூச்சோடு வைத்தால் வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். எடுத்த இடத்தில் பின்னால் துத்தநாக ப்ரைமர் அடிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: என் வண்டிக் கூரையில் பழைய வண்டிகளில் இருப்பது போல மழைநீர் ஓடும் விளிம்பு இல்லை. கூரையில் துளை போடாமல் வழி உண்டா சார்?

உண்டு. கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் மாட்டும் கிளாம்ப்களைத் தனியாக வாங்கிக்கொண்டு, அதன் மேல் உங்கள் சட்டத்தை வையுங்கள். எல்லாவற்றையும் கையால் செய்ய ஆசைப்படும் நான்கூட இந்தக் கிளாம்பை மட்டும் வாங்கியே போடுகிறேன். அந்த விளிம்பின் வளைவுக்குச் சரியாக அமையாத கிளாம்ப் பெயின்டைச் சுரண்டும், கதவு ரப்பரைக் கிழிக்கும், காற்றில் கழன்றும் வரும்.

துளை போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் உள்கூரைத் துணியை இறக்குங்கள். கூரை ஓரமாகத்தான் ஒயர்கள் ஓடும், பல வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்கும் அங்கேயே மடித்திருக்கும். பார்க்காமல் டிரில் இறக்குவது உயிர் விஷயம். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் அடியில் அகலமான பட்டைத் தகடு கொடுக்காமல் போல்ட் முறுக்கக் கூடாது. துளையின் விளிம்பில் அப்போதே ப்ரைமர் பூசிவிட்டு, பாலியூரிதேன் சீலன்ட் வையுங்கள். காடி வாசனை வரும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும்.

கேள்வி: தொட்டியில் நிற்கும் நான்கு கால் கேரியர் அடித்தேன். பிரேக் போட்டால் முன்னால் சாய்ந்து சாய்ந்து வருகிறது. பைப் கனம் போதவில்லையா?

கனம் போதும், சாய்வுக்கால் இல்லை. நான்கு நேர்க்கால் மேல் ஒரு சட்டம் வைத்தால் அது மேசை மாதிரி, பக்கவாட்டில் தள்ளினால் ஆடத்தான் செய்யும். உலர்ந்த சாலையில் அழுத்திப் பிரேக் போட்டால் மேலே இருக்கும் 100 கிலோ சுமை 80 கிலோ அளவுக்கு முன்னால் தள்ளும். இரு பக்கமும் காலின் அடியிலிருந்து மேல்சட்டத்துக்கு மூலைவாக்கில் ஒரு பைப் ஓடவிடுங்கள். மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து இரு பக்கமும் பற்றவையுங்கள். காலடித் தகடு 6 மி.மீ. இருக்கட்டும். தொட்டி விளிம்பின் அடியிலும் அதே அளவு தகடு கொடுத்து போல்ட் போடுங்கள். வண்டியில் வைத்தே வெல்டிங் செய்யும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், கழற்றி இறக்கிச் செய்யுங்கள். வண்டியின் மின் கருவிகளும் கண்ணாடியும் தப்பும்.

கேள்வி: எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்றைக் கேபின் கேரியரில் கட்டிப் போனேன். 20 கிலோகூட இருக்காது. ஆனால் நெடுஞ்சாலையில் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. ஏன்?

எடையை மட்டும் பார்த்துக் கட்டியதுதான் காரணம், காற்றையும் பார்க்க வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 12 கிலோ. 100 கி.மீ. வேகத்தில் அது 24 இல்லை, 48 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசினால் 80 கிலோவைத் தொடும். உங்கள் பலகையின் பரப்பு 3 சதுர மீட்டர். மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியதுமே காற்று அடியில் புகுந்துவிடும், பிறகு தூக்கும் விசை பலகையின் எடையை எளிதாக மீறும். அந்த விசை முழுவதும் உங்கள் கிளாம்புக்குப் போகும்.

கேரியரோடு குறுக்கே கட்டுவது மட்டும் போதாது. முன்முனையிலிருந்து வண்டியின் முன்பக்கக் கொக்கிக்கும் பின்முனையிலிருந்து பின் பம்பருக்கும் கயிறு இறங்க வேண்டும். இழுபடும் ரப்பர் கொக்கிக் கயிற்றை இதற்கு ஒருபோதும் நம்பாதீர்கள். அது இழுத்தால் நீளும், நீண்டால் மூக்கு தூக்கும். பின்னால் வருபவர் மேல் உங்கள் பலகை போய் விழக் கூடாது.

கேள்வி: 70 கி.மீ. தாண்டினால் கேரியர் ஊதல் போல ஊளையிடுகிறது.

உருளைப் பைப் போட்டிருப்பீர்கள். பைப்பின் பின்னால் காற்றுச் சுழல்கள் மேலும் கீழும் மாறி மாறி ஒரே தாளத்தில் பிரிவதால் வரும் ஓசை அது. முன் குறுக்குப் பைப்பில் ஒரு கயிற்றைத் திருகு போல இடைவெளி விட்டுச் சுற்றிக் கட்டுங்கள், தாளம் கலைந்துவிடும். உயரமான ஆலைப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகு போலத் தகடு சுற்றியிருப்பதும் இதே காரணத்துக்குத்தான். கட்டும் பட்டை அதிர்ந்து முனகினால் அதை ஒரு முறை முறுக்கிக் கட்டினால் போதும்.

கேள்வி: பெயின்ட் நன்றாகத்தான் அடித்தேன். ஒரு மழைக்காலத்திலேயே உள்ளிருந்து துரு வழிகிறது.

பைப்பின் முனைகளை மூடினீர்களா? மூடியிருந்தாலும் எங்காவது ஊசித்துளை வழியாக நீர் ஏறும், வெளியேற வழி இருக்காது. முனைகளை மூடுங்கள், கூடவே ஒவ்வொரு பைப்பின் அடிப்பக்கத்திலும் தாழ்வான இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். நடுவில் போடாதீர்கள், அங்கேதான் வளைவு விசை அதிகம், முனையருகே போடுங்கள்.

கேள்வி: மாட்டி முடித்தாயிற்று. இனி என்ன பார்க்க வேண்டும்?

எம்8 (8 மி.மீ. விட்டம்), 8.8 என்ற வலிமைத் தர போல்ட், நைலான் பூட்டு நட் என்று வைத்துக்கொண்டால் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். முதல் 50 கி.மீ. ஓடியதும் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதுப் பெயின்ட் நசுங்கி போல்ட் தளர்ந்திருக்கும். அடுத்த 500 கி.மீ.-க்குப் பிறகு வெல்டிங் ஓரங்களைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் சுமையை இறக்கிவிட்டு அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பிறகு, தரையிலிருந்து கேரியர் உச்சி வரை அளந்து அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த தாழ்வான பாலத்துக்கு முன் அது உங்கள் கண்ணில் பட வேண்டும்.