முழங்காலுக்குப் பிஆர்பி ஊசி: காசு கட்ட முன்னர் கேட்க வேண்டியவை

கேள்வி: எனக்கு 58 வயது, எடை 74 கிலோ. இரண்டு வருடமாக வலது முழங்கால் நோகிறது. குந்தி எழும்பவும் படி இறங்கவும் கஷ்டம். எக்ஸ்றே பார்த்து மூட்டுத் தேய்வு, இரண்டாம் நிலை என்றார்கள். என்னுடைய இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி மூட்டில் ஏற்றும் பிஆர்பி ஊசி மூன்று போட்டால் தேய்ந்த சவ்வு திரும்ப வளரும் என்று ஒரு தனியார் இடத்தில் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகள் காசு அனுப்புகிறேன் என்கிறாள். போடலாமா? உதைபந்தாட்டம் ஆடும் இளைய மகனுக்கும் நான்கு மாதமாகக் குதிக்கால் நாணில் நோ. அவனுக்கும் இது சரிவருமா?
வாசகி, சாவகச்சேரி

பதில்: அம்மா, சவ்வு வளரும் என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். அப்படி வளர்ந்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. சிலருக்குச் சில மாதங்கள் நோ குறையலாம், அவ்வளவுதான். அதுவும் எல்லா ஆய்விலும் தெரியவில்லை. அவுஸ்திரேலியாவில் உங்களைப் போல ஆரம்ப, நடுத்தரத் தேய்வு உள்ள 288 பேரில் பாதிப்பேருக்குப் பிஆர்பியும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். ஒரு வருடம் கழித்து நோவிலும் சவ்வின் அளவிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2021இல் வெளிவந்த முடிவு இது. உப்புநீர் போட்டவர்களுக்கும் நோ குறைந்திருந்தது என்பதை மறக்காதீர்கள். ஊசி போட்ட அயலவர் ‘எனக்குச் சுகம்’ என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்பது இதனால்தான்.

பிஆர்பியில் செறிவாக்கி ஏற்றுவது பிளேட்லெட்டை, அதாவது இரத்தம் உறைய உதவும் நுண்ணிய தட்டுக்களை. அந்த ஆய்வில் ஏற்றிய பிளேட்லெட் போதாது என்று சில நிபுணர்கள் ஆட்சேபிக்கிறார்கள். நியாயமான ஆட்சேபம். ஆனால் அதே கேள்வியை உங்களுக்குப் போடப்போகிறவரிடமும் கேட்கவேண்டும். ஒரு முறைக்கு 1000 கோடி பிளேட்லெட்டாவது வேண்டும் என்பது அவர்களின் வாதம். மைக்ரோலீற்றருக்கு 2 லட்சம் பிளேட்லெட் உள்ளவரின் 10 மில்லிலீற்றர் இரத்தத்தில் மொத்தமே 200 கோடிதான் இருக்கும். ஒன்றையும் வீணாக்காமல் எடுத்தாலும் 50 மில்லிலீற்றர் தேவை. சின்னக் குழாயில் 10 மில்லிலீற்றர் எடுத்து 5 மில்லிலீற்றர் திருப்பி ஏற்றினால் செறிவு இரு மடங்கைத் தாண்டவே முடியாது. ஆகவே எவ்வளவு இரத்தம் எடுப்பீர்கள், எத்தனை தரம் சுழற்றுவீர்கள், ஏற்றுவதில் பிளேட்லெட் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் காசு கட்டாதீர்கள்.

தயாரிப்பிலும் பிழை வரலாம். உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயில் இரத்தத்தை எடுத்தவுடன் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்கவேண்டும். தாமதித்தால் உறையும், குலுக்கினால் சிவப்பணு உடையும். மூட்டுக்குள் போவது வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டும். செந்நிறமாக இருந்தால் சிவப்பணு கலந்திருக்கிறது, அது மூட்டின் உட்படலத்தை அழற்சியடையச் செய்யும். விறைப்பு மருந்தைத் தோலுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். மூட்டுக்குள் அது சவ்வின் கலங்களுக்குக் கூடாது.

உங்கள் நிலையில், இப்போது ஊசி வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் 12 கிழமை தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். உயரமான கதிரையில் இருந்து முழங்காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து மெல்ல இறக்குங்கள். பத்துத் தரம், மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இலகுவானதும் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை கட்டுங்கள். பிறகு கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருந்து பழகுங்கள். செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பயமில்லை; மறுநாளும் கூடுதலாக நொந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். 7 கிலோ குறைப்பதை இலக்காக வையுங்கள். இரவில் சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டுவதிலிருந்து தொடங்கலாம். குந்தும் மலசலகூடத்துக்குப் பதில் கொமட் வைத்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். இயன்மருத்துவரைக் காண உங்கள் ஆதார வைத்தியசாலையிலோ யாழ் போதனா வைத்தியசாலையிலோ கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இது இலவசம்.

அதன் பிறகும் நோ தொடர்ந்து, எல்லாம் தெரிந்தே போட விரும்பினால், ஒரு கிழமைக்கு முன்னரே டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற நோ மருந்துகளை நிறுத்துங்கள். அவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும். போட்ட பின் இரண்டு கிழமைக்கும் வேண்டாம். இதயத்துக்காக அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் எடுப்பவர் அவற்றைத் தாமாக நிறுத்தவே கூடாது. எழுதித் தந்த வைத்தியரைக் கேட்கவேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லை, உடம்பில் எங்காவது கிருமித்தொற்று, பிளேட்லெட் குறைவு என்றால் ஊசியைத் தள்ளிவையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மூட்டு நொந்து வீங்குவது வழமை. 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல் எடுக்கலாம். ஈரல் நோய் இருந்தால் கேட்டு எடுங்கள். நோ நாளுக்கு நாள் கூடி, மூட்டு சூடாகிக் காலை ஊன்ற முடியாமல், காய்ச்சலும் வந்தால் அது மூட்டுக்குள் கிருமி போனதாக இருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போங்கள். மாரி காலமென்றால் இன்னொன்று: காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். முழுக் குருதிப் பரிசோதனை செய்யாமல் டைக்குளோபினாக் ஊசியோ குளிசையோ எடுக்கவேண்டாம்.

மகனுக்கும் இப்போது ஊசி தேவையில்லை. நாட்பட்ட குதிக்கால் நாண் நோவுள்ள 240 பேரில் பிஆர்பி ஒரு ஊசியையும் ஒன்றும் ஏற்றாத பொய்யூசியையும் ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. பலன் தருவது படிக்கட்டுப் பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரு காலாலும் உயர்ந்து, நோகும் காலால் மட்டும் குதியை மெல்லப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கவேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தரம் மூன்று சுற்று, சற்று மடித்து 15 தரம் மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 கிழமை. நோ அளவோடு இருக்கும்வரை மெதுவாக ஓடலாம். பாயும், திடீரெனத் திரும்பும் ஆட்டம் வேண்டாம். அண்மையில் சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசை எடுத்தானா என்றும் கேளுங்கள், அது நாணைப் பலவீனப்படுத்தும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல ‘டக்’ என்று உணர்ந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். பயிற்சியை நிறுத்தி அன்றே எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.